ஒன்றரை நொடிக்கு இருபது வருடம்

(நம் சங்கத்தின் மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தின் முடிவில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே.)



போன கூட்டத்தில் வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவது பற்றிப் பேசினேன். உபயோகமாக இருந்தது என்று பலர் சொன்னீர்கள். குழந்தைகள் மட்டும், "அடுத்த தடவை வேற ஏதாவது பேசுங்க தாத்தா" என்று மனு கொடுத்தார்கள். நியாயமான மனு. அதனால் இன்று உயரத்திலிருந்து தண்ணீரில் பாய்கிற டைவிங் விளையாட்டைப் பற்றியும், அதில் இருபது வருடம் நின்ற ஒரு பெண்ணைப் பற்றியும் பேசுகிறேன். முடிவில் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைப்பேன். அதற்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு.

நமக்குத் தெரிந்த டைவிங்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீரில் குதிப்பதைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில்தான். இடுப்பில் சுரைக் குடுக்கை, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமாவோ சித்தப்பாவோ. கொஞ்சம் தேறியதும் கிணற்று மேட்டிலிருந்து பல்டி. ஒகேனக்கலுக்குப் போனவர்கள், பாறை உச்சியில் நின்று "குதிக்கட்டுங்களா சார்?" என்று கேட்டு, பத்து இருபது ரூபாய்க்கு ஆற்றில் பாய்ந்த பையன்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிற நமக்குத்தான் அடிவயிறு கலங்கும். அவன் சாதாரணமாக நீந்தி வந்து கை நீட்டுவான்.

அந்தப் பையனிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் தைரியம் மட்டும் ஒருவரை டைவிங் வீரர் ஆக்குவதில்லை. அப்படியானால் வேறு எது ஆக்குகிறது? இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

மூன்று மாடி உயரம்

டைவிங்கில் இரண்டு வகை. ஸ்பிரிங்போர்டு என்பது துள்ளும் பலகை. பிளாட்பாரம் என்பது அசையாத மேடை. ஒலிம்பிக்கில் பிளாட்பாரத்தின் உயரம் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி. நம் கட்டடத்தில் மூன்று மாடிக்கு மேல் மொட்டை மாடிச் சுவரில் நின்று கீழே கார் பார்க்கிங்கைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (குழந்தைகளே, வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன். யாரும் போய்ப் பார்க்க வேண்டாம்.)

அங்கிருந்து விழுந்தால் தண்ணீரைத் தொட ஏறக்குறைய ஒன்றரை நொடி. தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தை மாதிரி இருக்காது. மல்லாந்தோ குப்புறவோ விழுந்தால் தரையில் விழுந்த மாதிரி அடி படும். அதனால் அந்த ஒன்றரை நொடிக்குள் மூன்றரைச் சுற்று குட்டிக்கரணம் போட்டு, உடம்பை விரித்து, கைகளைக் கோத்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீர் தெறிக்காமல் உள்ளே போனால் முழு மதிப்பெண்.

போட்டிக் குளங்களில் தண்ணீர் மேல் சிறு தூறல் மாதிரி விழுந்துகொண்டே இருப்பதை டிவியில் பார்க்கலாம். சுற்றிச் சுற்றி இறங்குகிறவருக்குத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி ஏமாற்றிவிடும். அதற்காகத்தான் மேற்பரப்பைக் கலைத்துவிடுகிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு நல்ல காலம் இருந்தது. 1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, கே.பி. தக்கர் ஸ்பிரிங்போர்டு, பிளாட்பாரம் இரண்டிலும் தங்கம் வாங்கினார். இந்தியா அன்று வாங்கிய மொத்தத் தங்கம் 15. அதில் இரண்டு அவருடையவை. இந்த விவரம் எனக்கே சமீபத்தில்தான் தெரியும். நம் குழந்தைகளின் பொது அறிவுப் புத்தகத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பண்டேலேலா

நான் சொல்ல வந்த பெண் மலேசியாவைச் சேர்ந்தவர். பெயர் பண்டேலேலா ரினோங். போர்னியோ தீவில், சரவாக் மாநிலத்தில், பாவ் என்ற சின்ன ஊர். ஒரு காலத்தில் தங்கச் சுரங்கம் இருந்த ஊர். அங்கே பிடாயூ என்ற பழங்குடி இனத்தில் 1993-ல் பிறந்தார். எட்டு வயதில் டைவிங் பழக ஆரம்பித்தார். 15 வயதில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். பதக்கம் இல்லை. அடுத்த வருடம் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஜோடிப் பிரிவில் வெண்கலம்.

2010-ல் அவர் நம் டெல்லிக்கு வந்தார். காமன்வெல்த் விளையாட்டு, தால்கடோராவில் உள்ள ஷியாமா பிரசாத் முகர்ஜி நீச்சல் வளாகம். அந்தப் போட்டியின் ஏற்பாடுகளைப் பற்றி நாம் டீக்கடையில் பேசிய பேச்சு நினைவிருக்கும். அந்தப் பேச்சுக்கு நடுவே 17 வயதுப் பெண் ஒருத்தி 10 மீட்டர் மேடையில் தங்கம் வாங்கிப் போனதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் தொடக்க விழாவில் மலேசியாவின் கொடியை அவர் கையில் கொடுத்தார்கள். அந்தப் போட்டியிலேயே 10 மீட்டர் தனிநபர் பிரிவில் 359.20 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். மலேசியாவில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அதுவரை அந்த நாடு வாங்கிய ஒலிம்பிக் பதக்கம் எல்லாமே பேட்மிண்டனில். ஒரு ஊர்ப் பெண் வேறு ஒரு கதவைத் திறந்துவிட்டாள்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

இந்த இடத்தில் பழைய தொழில் எட்டிப் பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். டைவிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மதிப்பெண் கணக்குதான்.

தனிநபர் போட்டியில் ஏழு நடுவர்கள். ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை போடுவார்கள். அதில் மேலே உள்ள இரண்டையும் கீழே உள்ள இரண்டையும் அடித்துவிடுவார்கள். நடுவில் நிற்கும் மூன்றைக் கூட்டுவார்கள். ஒரு நடுவருக்கு நம் மேல் பாசம், இன்னொருவருக்குக் கோபம் என்றாலும் கணக்கு கெடாது. அந்தக் கூட்டுத்தொகையைப் பாய்ச்சலின் கடின அளவால் பெருக்குவார்கள்.

உதாரணம். ஒருவர் 3.2 கடின அளவுள்ள பாய்ச்சல் செய்கிறார். நடுவர்கள் 7.5, 8, 8, 8, 8.5, 8.5, 9 போடுகிறார்கள். ஓரத்தில் உள்ள நான்கும் போனால் மிச்சம் 8, 8, 8.5. கூட்டினால் 24.5. பெருக்கினால் 78.40. இன்னொருவர் கடின அளவு 2.0 உள்ள எளிய பாய்ச்சலை மிக அழகாகச் செய்து மூன்று 9 வாங்கினால் 27 பெருக்கல் 2, அதாவது 54. அப்போது எல்லோரும் கடினமானதையே எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் 3.2 உள்ளதைச் சொதப்பி மூன்று 5 வாங்கினால் 48 தான் வரும். எளிமையாகச் செய்தவர் முந்திவிடுவார்.

எந்தப் பாய்ச்சல் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நம் கணக்கு எண் மாதிரி அதற்கும் எண் உண்டு. 407சி என்றால், 4 என்பது தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று மேடைப் பக்கமாகச் சுழல்கிற வகை, 7 என்பது ஏழு அரைச் சுற்று, அதாவது மூன்றரைச் சுற்று, சி என்பது முழங்காலைக் கட்டிக்கொண்டு உருள்வது. எழுதியது ஒன்று, பாய்ந்தது ஒன்று என்றால் பூஜ்யம். செக்கில் எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கவுன்ட்டரில் நாங்கள் திருப்பிக் கொடுப்போமே, அதே கதைதான்.

பிள்ளைகளுக்கு குரூப் தேர்ந்தெடுக்கும் பெற்றோர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம். கடினமானதை எடுப்பது பெருமைதான். அதை எத்தனை முறை பழகியிருக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் விடை வரும்.

ஜாயின்ட் அக்கவுன்ட்

ஜோடியாகப் பாய்வதற்கு சிங்க்ரனைஸ்டு டைவிங் என்று பெயர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் இது சேர்க்கப்பட்டது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே உயரத்தில் சுற்றி, ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போக வேண்டும். இதற்கு 11 நடுவர்கள். மூன்று பேர் ஒருவரை மட்டும் பார்ப்பார்கள், மூன்று பேர் மற்றவரை மட்டும். மீதி ஐந்து பேர் இருவரையும் தனித்தனியாகப் பார்க்கவே மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது ஒற்றுமையை மட்டும்.

வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட் இரண்டு விதம். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது ஒன்று. இருவரும் போட்டால்தான் செல்லும் என்பது மற்றொன்று. ஜோடி டைவிங் இரண்டாவது விதம். ஒருவர் பிரமாதமாகப் பாய்ந்து மற்றவர் கால் நொடி பிந்தினால், பிரமாதத்துக்கும் மதிப்பு குறைந்துவிடும். நன்றாகப் பாய்கிற இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் ஜோடி ஆகிவிடாது. ஒருவர் தன் உயரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், மற்றவர் தன் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

பண்டேலேலாவின் பெரிய பதக்கங்கள் பெரும்பாலும் ஜோடியாக வாங்கியவை. ஜோடி ஒருவர் மட்டும் இல்லை. 2009-லும் 2013-லும் 2019-லும் உலகப் போட்டிப் பதக்கம் வாங்கியபோது பக்கத்தில் நின்றவர் லியோங் முன் யீ. இவரைவிட ஏறக்குறைய எட்டு வயது மூத்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சியோங் ஜுன் ஹூங். 2022-ல் நூர் தபிதா சப்ரி, இவரைவிட இளையவர். ஒரு காலத்தில் அக்காவோடு சேர்ந்து பாய்ந்தவர், பிறகு தங்கைக்கு அக்காவாக நின்று பாய்ந்தார்.

ரியோ கதை குழந்தைகளுக்குப் பிடிக்கும். 2016 ஆகஸ்ட் 9. பெண்கள் ஜோடி 10 மீட்டர் இறுதிப் போட்டி அன்று டைவிங் குளத்துத் தண்ணீர் பச்சைப் பசேல் என்று மாறிவிட்டது. பக்கத்துக் குளம் நீலமாக இருக்க, இது மட்டும் ஊர் ஏரி மாதிரி. தவறுதலாக ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டியதால் குளோரின் வேலை செய்யாமல் போய் பாசி பிடித்துவிட்டது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். நம் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடுவதைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் விவாதம் நடத்தும் நமக்கு இது ஒரு ஆறுதல். ஒலிம்பிக்கிலேயே இந்தக் கதிதான்.

அந்தப் பச்சைத் தண்ணீரில் ஐந்து முறை பாய்ந்து பண்டேலேலாவும் ஜுன் ஹூங்கும் 344.34 புள்ளிகள் எடுத்தார்கள். சீனாவுக்கு 354 புள்ளிகளோடு தங்கம். கனடாவுக்கு 336.18 புள்ளிகளோடு வெண்கலம். நடுவே மலேசியாவுக்கு வெள்ளி. தண்ணீர் எந்த நிறத்தில் இருந்தாலும் மேடையில் ஏறியவர் பாய்ந்துதான் ஆக வேண்டும்.

முதலிடமும் கடைசி இடமும்

இந்தப் பெண்ணை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் 2021-ஆம் வருடம்.

அந்த வருடம் மே மாதம், டோக்கியோவில் ஒலிம்பிக்குக்கு முன்னோட்டமாக உலகக் கோப்பை டைவிங் நடந்தது. 10 மீட்டர் தனிநபர் பிரிவில் பண்டேலேலாவுக்குத் தங்கம். அடுத்து ஜூலையில் அதே டோக்கியோவில் ஒலிம்பிக். அவரும் லியோங் முன் யீயும் ஜோடிப் பிரிவு இறுதிக்கு வந்தார்கள். எட்டு ஜோடிகள். இவர்கள் எட்டாவது. தனிநபர் பிரிவில் இறுதிச் சுற்றுக்கே போக முடியவில்லை.

மூன்று மாதத்துக்குள் முதலிடமும் கடைசி இடமும். நம் வீட்டில் ஒரு பிள்ளை காலாண்டில் முதல் ரேங்க் வாங்கி அரையாண்டில் கடைசிக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. சுவர் தாண்டிக் கேட்கும்.

அவருக்கு அப்போது 28 வயது. டைவிங்கில் அது இளம் வயது இல்லை. 14, 15 வயதுப் பெண்கள் தங்கம் வாங்குகிற விளையாட்டு அது. விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 2022-ல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் புதிய ஜோடியோடு மறுபடி மேடை ஏறி வெள்ளி வாங்கினார்.

எட்டு வயதிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபது வருடத்துக்கு மேல். ஒவ்வொரு பாய்ச்சலும் ஒன்றரை நொடி. போட்டிக்கு ஐந்து பாய்ச்சல் என்றால் மொத்தம் எட்டு நொடி கூட இல்லை. மீதி நேரம் முழுக்க படி ஏறுவதுதான். பாய்ந்து முடித்ததும் குளத்திலிருந்து வெளியே வந்து, ஈரத்தைத் துடைத்து, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். தங்கம் வாங்கியவருக்கும் அதே படிதான், கடைசியாக வந்தவருக்கும் அதே படிதான்.

பயத்தை என்ன செய்கிறார்கள்

டைவிங் வீரர்களுக்குப் பயமே கிடையாது என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் பயிற்சியைக் கொஞ்சம் பார்த்தால் அது தப்பு என்று தெரியும். பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்தப் பயிற்சியே அமைந்திருக்கிறது.

புதிய பாய்ச்சலை யாரும் நேராகப் பத்து மீட்டரில் முயல்வதில்லை. முதலில் தரையில், டிராம்போலின் மேல், இடுப்பில் பெல்ட் கட்டிக் கயிற்றில் தொங்கிச் சுற்றிப் பழகுவார்கள். பிறகு ஸ்பாஞ்சு நிரப்பிய குழியில். பிறகு ஒரு மீட்டர், மூன்று, ஐந்து, ஏழரை என்று படிப்படியாக. சில குளங்களில் அடியிலிருந்து காற்றுக் குமிழ் விட்டுத் தண்ணீரை மிருதுவாக்கிவிட்டு முதல் முயற்சி செய்ய வைப்பார்கள். அத்தனையும் முடிந்துதான் மேலே. மேலே போனாலும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் அடி உண்டு. கண்ணின் விழித்திரையையும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் கிணற்றடி மாமாவும் இதைத்தான் செய்தார். முதலில் குடுக்கை, பிறகு கயிறு, பிறகு படிக்கட்டுப் பக்கம், பிறகுதான் நடுக் கிணறு. யாரையும் முதல் நாளே மேட்டிலிருந்து தள்ளிவிடவில்லை. நம் பெரியவர்களுக்கு இருந்த அந்தப் பொறுமை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. கிணறும் தூர்ந்துவிட்டது, கயிறு பிடிக்க மாமாவும் ஊரில் இல்லை.

இனி என் கோரிக்கை

ஏப்ரல் பிறந்தால் பரீட்சை முடியும். மே மாதம் செய்தித்தாளைத் திறந்தால் கிணற்றில், ஏரியில், ஆற்றில் மூழ்கிய பிள்ளைகள் பற்றிய செய்தி நம் மாவட்டத்திலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஒருவன் கால் வழுக்கி விழுவான், காப்பாற்றப் போன இன்னொருவனும் போய்விடுவான். நாம் அந்தப் பக்கத்தைப் படித்து, உச்சுக் கொட்டி, அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.

நம் குடியிருப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நீச்சல் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். "தண்ணிப் பக்கமே விடறதில்லைங்க" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒகேனக்கல் இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர்தான். ஒன்பதாவது படிக்கிற பையன் நண்பர்களோடு ஒரு நாள் போகத்தான் போவான். அன்று நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். "குதிடா, பயந்தாங்கொள்ளி" என்று நண்பன் ஒருவன் இருப்பான்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, இந்தக் கோடை விடுமுறையில் எட்டு வயதுக்கு மேற்பட்ட நம் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, பயிற்சியாளர் வைத்து நீச்சல் வகுப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். குளம், கட்டணம், பயிற்சியாளர் பற்றி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து, வரவு செலவுத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் லெட்ஜர் எழுதியவனுக்கு அது சிரமம் இல்லை.

இரண்டு, நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் ஒரு விதியைச் சொல்லிக் கொடுங்கள். ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாயக் கூடாது. போட்டிக் குளத்தில் ஆழத்தை அளந்து வைத்திருக்கிறார்கள், அடியில் பாறை இல்லை. நம் ஆற்றில் போன வாரம் இருந்த ஆழம் இந்த வாரம் இருக்காது. கழுத்து எலும்பு ஒரு முறை உடைந்தால் மறுபடி படி ஏற முடியாது.

மூன்று, தண்ணீரில் ஒருவன் தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர்கள் இறங்கக் கூடாது. கயிறு, துண்டு, கம்பு, காலி பிளாஸ்டிக் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை வீசிப் பிடிக்கச் சொல்ல வேண்டும், கத்தி ஆள் கூப்பிட வேண்டும். இதை நம் வீட்டுப் பெரியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகளில் ஒருவர் பண்டேலேலா மாதிரி வருவார் என்று நான் சொல்லவில்லை. வந்தால் சந்தோஷம். டைவிங் பழக விருப்பம் இருப்பவர்களுக்கு சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் அதற்கென்றே குளம் இருக்கிறது. என் ஆசை அதைவிடச் சின்னது. ஆடிப்பெருக்குக்கு நாம் எல்லோரும் குடும்பத்தோடு காவிரிக்குப் போகும்போது, கரையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். அதே பிள்ளைக்கு, நண்பன் "குதிடா" என்று சொன்னாலும், "ஆழம் தெரியாது, நான் வரல" என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். பத்து மீட்டர் மேடையில் நிற்கிறவர்களும் தயாராக இல்லாத பாய்ச்சலுக்குப் படி இறங்கி வந்துவிடுவார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வகுப்பில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெயர், வயது, பிளாக் எண் மூன்றையும் ஏப்ரல் 10-க்குள் சங்க அலுவலக நோட்டில் எழுதிவிடுங்கள். பெற்றோர் கையெழுத்து அவசியம். இருவரும் போட வேண்டும், ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரி.